நாச்சிக்குப்பம் முதல் கவிப்புரம் வரை

ரஜினிகாந்தின் இளமைக்காலத்தைப் பார்க்க ஆசையா? தருமபுரியிலிருந்து வடக்கே கிளம்புங்கள். குடும்பத்தின் பூர்வீக ஊரான நாச்சிக்குப்பம் வேப்பனப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை அது தருமபுரி மாவட்டத்து ஊர்தான்.

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. தருமபுரியில் ஓசூர் பேருந்து ஏறி, கிருஷ்ணகிரியில் இறங்கி, வேப்பனப்பள்ளிக்கு வண்டி மாறுங்கள். அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

நாச்சிக்குப்பத்தில் அவருடைய பெற்றோரின் நினைவகம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆந்திரமும் கர்நாடகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வட்டாரம் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சில் கலந்து வரும். வீட்டில் மராத்தி, தெருவில் கன்னடம், பிறகு கற்ற தமிழ் என்று வளர்ந்த மனிதரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஓசூர் வழியாகப் பெங்களூரு. 1950 டிசம்பர் 12 அன்று, சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற இயற்பெயர் கொண்ட ரஜினிகாந்த் பிறந்தது அந்த நகரில்தான். அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். அவர் ஓய்வு பெற்றபின் குடும்பம் அனுமந்த நகருக்கு வந்தது. சிறு வயதிலேயே அம்மா போய்விட்டார். பக்கத்துக் கவிப்புரத்து அரசு கன்னடப் பள்ளியில் படிப்பு. பிறகு அண்ணன் கொண்டுபோய்ச் சேர்த்த ராமகிருஷ்ண மடம். பசவனகுடியில் இருக்கும் அந்த மடத்துக்கும் நடந்தே போகலாம். பள்ளி நேரத்தில் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கதவைத் தட்டாதீர்கள்.

இந்தத் தெருக்களிலிருந்துதான் அவர் பேருந்து கண்டக்டர் வேலைக்குப் போனார். டிரைவராக இருந்த நண்பர் ராஜ் பகதூர் கொடுத்த தைரியத்திலும் பண உதவியிலும் 1973இல் சென்னையில் நடிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் 'அபூர்வ ராகங்கள்' படம். அதன் இயக்குநர் கே. பாலசந்தர் ரஜினிகாந்த் என்று புதுப் பெயர் வைத்தார். தமிழ் பேசக் கற்றுக்கொள்ளவும் சொன்னார்.

கவிப்புரத்தில் கவி கங்காதரேசுவரர் குகைக்கோயிலைத் தவறவிடாதீர்கள். பொங்கலன்று மாலை, நந்தியின் கொம்புகளுக்கிடையே நுழையும் வெயில் லிங்கத்தின்மேல் விழும். அன்று கூட்டம் நெரியும். தெருக்களை நிதானமாகச் சுற்ற வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.