ஒரு ஆப்ஷனுக்கு ஒரே வரி

சி மொழியில் வேலை செய்யும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் வந்து விழும் வேலை பெரும்பாலும் இதுதான்: "இந்த டூலுக்கு ஒரு ஆப்ஷன் சேர்த்துக் கொடுங்க." அரை மணி நேர வேலை என்று நினைத்துக் கோப்பைத் திறப்பீர்கள். மெயின் ஃபங்ஷன் முழுக்க ஸ்டிர்கம்ப், எல்ஸ் இஃப், மறுபடி ஸ்டிர்கம்ப் என்று ரயில் பெட்டிகள் மாதிரி நீண்டு கிடக்கும்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. சீரியல் போர்ட்டிலிருந்து ஒரு கருவியின் பதிவுகளை இழுத்துக் கோப்பில் எழுதும் டூல் அது. டைம்அவுட்டை மாற்ற ஓர் ஆப்ஷன் கேட்டார்கள். சேர்த்தேன், ஓடியது. ஹெல்ப்பில் எழுத மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து டெஸ்டிங்கில் இருந்தவர் வந்து, "ஏங்க, டைம்அவுட்டை மாத்தவே முடியாதா?" என்று கேட்டார். அவசரமாக ஹெல்ப்பில் ஒரு வரி சேர்த்தேன். அதில் இயல்பு மதிப்பு 30 வினாடி என்று எழுதினேன். கோடில் 20 இருந்தது. மறுபடியும் அவரே வந்தார்.

கவனக்குறைவு என்றுதான் என்னைச் சொன்னார்கள், அது சரியும்கூட. ஆனால் ஓர் ஆப்ஷனின் செய்தி அந்த நிரலில் ஐந்து இடத்தில் சிதறிக் கிடந்தது: ஒப்பிடும் இடம், மதிப்பைச் சேமிக்கும் இடம், இயல்பு மதிப்பு, ஹெல்ப், மேன் பேஜ். ஐந்தில் ஒன்றை எவராவது என்றாவது மறக்கத்தான் செய்வார்கள். மறக்க வழியில்லாமல் எழுதும் முறைதான் விவரண அட்டவணை. டிஸ்கிரிப்டர் டேபிள் என்பார்கள். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஸ்ட்ரக்ட் அர்ரேயில் ஒரு வரிசை. நீளப் பெயர், ஒற்றை எழுத்து, மதிப்பு வேண்டுமா, மதிப்பின் வகை, அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடம், இயல்பு மதிப்பு, ஹெல்ப்பில் வரும் வாக்கியம் எல்லாம் அந்த வரிசையிலேயே இருக்கும். பிரித்துப் படிக்கும் லூப்பும் ஹெல்ப்பை அச்சடிக்கும் லூப்பும் அந்த ஒரே அர்ரேயைத்தான் பார்க்கும்.

முதலில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிடுவோம். கெட்ஆப்ட் ஃபங்ஷனின் மூலநிரலை 1985-இல் ஏடி அண்ட் டி பொதுவில் விட்டது. பிறகு அது போசிக்ஸ் தரத்திலும் இடம்பிடித்தது. அதற்கு ஒற்றை எழுத்து மட்டும்தான் தெரியும். இரட்டைக் கோடு போட்ட நீளப் பெயர்களுக்கு குனு கொடுத்தது கெட்ஆப்ட்லாங். இதற்கு நீங்கள் கொடுப்பதே ஒரு குட்டி அட்டவணைதான். வரிசைக்கு நான்கு உறுப்புகள்: பெயர், மதிப்பு வேண்டுமா என்பதற்கு 0, 1 அல்லது 2, கொடி வைக்க ஒரு பாயிண்டர், திரும்பி வர வேண்டிய எண். பாயிண்டர் நல் என்றால் அந்த எண் திரும்பி வரும். நல் இல்லையென்றால் எண் அந்த முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஃபங்ஷன் 0 தரும். கடைசி வரிசை முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அர்ரேயின் எல்லை தாண்டிப் படிக்கும். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் விழும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் மதிப்பை சார் வகையில் வாங்காதீர்கள், இன்ட் வகையில் வாங்குங்கள். ஆப்ஷன்கள் முடிந்ததும் வருவது -1. ஏஆர்எம் சிப்பில் லினக்ஸ் ஓடும்போது சார் குறி இல்லாத வகை. அங்கே -1 என்பது 255 ஆகிவிடும், லூப் முடியவே முடியாது. உங்கள் இன்டெல் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய டூல் ராஸ்பெரி பையில் தொங்கி நிற்பதற்கு நான் பார்த்தவரை இந்த ஒரு வரி போதும்.

மதிப்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று 2 போட்ட ஆப்ஷனுக்கு மதிப்பை ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். சமக்குறி போட்டால் எடுத்துக்கொள்ளும், இடைவெளி விட்டால் எடுத்துக்கொள்ளாது. இடைவெளிக்குப் பின் வரும் சொல்லை ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். பயனர் எழுதியது பார்க்கச் சரியாக இருக்கும், பலன் வேறாக இருக்கும். கட்டாயம் இல்லாவிட்டால் இந்த 2 பக்கமே போகாதீர்கள்.

கெட்ஆப்ட்லாங் நீளப் பெயரைச் சுருக்கி எழுதினாலும் ஏற்கும், வேறொன்றோடு குழம்பாத வரை. --டைம்அவுட் என்ற ஆப்ஷனை யாரோ ஒருவர் தன் ஸ்கிரிப்டில் --டைம் என்று மட்டும் எழுதி வைத்திருப்பார். அடுத்த வருடம் நீங்கள் --டைம்ஸ்டாம்ப் என்று ஒன்றைச் சேர்ப்பீர்கள். அன்றிரவு அவருடைய ஸ்கிரிப்ட் விழும். புதிய பெயர் வைக்கும்போது ஏற்கெனவே உள்ள பெயர்களின் முதல் எழுத்துகளை ஒரு முறை பாருங்கள்.

குனு நூலகம் ஆப்ஷன் அல்லாத சொற்களைப் பின்னால் தள்ளி வரிசையை மாற்றி அமைக்கும். அதனால் கோப்பின் பெயருக்குப் பின் ஆப்ஷன் எழுதினாலும் வேலை செய்யும். போசிக்ஸ் விதிப்படி முதல் சாதாரணச் சொல்லிலேயே நின்றுவிட வேண்டும். வேறொரு கட்டளையை உள்ளே ஓட்டும் டூல் எழுதினால் உங்களுக்கும் நிற்பதுதான் வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டளையின் ஆப்ஷன்களையும் உங்கள் டூலே விழுங்கிவிடும். குறும் எழுத்துச் சரத்தின் தொடக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால் நிற்கும். வெறும் இரட்டைக் கோடு எங்கேயும் "ஆப்ஷன்கள் இத்தோடு சரி" என்று பொருள்படும். கோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பை ஆர்எம் கட்டளையால் அழிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இத்தனை இருந்தும் கெட்ஆப்ட்லாங்கின் அட்டவணையில் ஹெல்ப் வாக்கியத்துக்கு இடமில்லை, மதிப்பின் வகைக்கு இடமில்லை. குறும் எழுத்துகளோ தனிச் சரமாக நிற்கின்றன. சிதறல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே நம் அட்டவணையை நாமே எழுதுவோம். கெட்ஆப்ட்லாங்குக்கு வேண்டிய அர்ரேயையும் சரத்தையும் அதிலிருந்து ஒரு லூப் போட்டு உருவாக்கிக்கொள்வோம். நீளப் பெயர்களுக்குத் திரும்பி வரும் எண்ணாக 256-ஐயும் வரிசை எண்ணையும் கூட்டிக் கொடுங்கள். திரும்பி வருவது 256-க்கு மேல் என்றால் கழித்தவுடன் வரிசை கையில். சரியாக 256 வந்தால் அது முதல் வரிசை. அதற்குக் கீழே என்றால் குறும் எழுத்து, அர்ரேயில் தேடிக்கொள்ளலாம். தேடல் மெதுவாகாதா என்று ஒருவர் ரிவியூவில் கேட்டார். நாற்பது ஆப்ஷனைத் தேடுவது ஒரு கோப்பைத் திறக்க ஆகும் நேரத்தில் தூசு.

மதிப்பை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. வரிசையில் ஒரு குளோபல் மாறியின் முகவரியைக் கொடுப்பது எளிது. நான் பரிந்துரைப்பது ஆஃப்செட்ஆஃப். எல்லா அமைப்புகளையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைத்துக்கொண்டு, வரிசையில் அந்த உறுப்பு தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். பிரித்துப் படிக்கும் ஃபங்ஷனுக்கு அந்த ஸ்ட்ரக்டின் முகவரியைக் கொடுத்தால் அதுவே கூட்டிக்கொண்டு சரியான இடத்தில் எழுதும். அட்டவணை ஸ்டாட்டிக் கான்ஸ்டாக இருக்கும். டெஸ்டில் ஒவ்வொரு முறையும் புது ஸ்ட்ரக்ட் கொடுக்கலாம். போன டெஸ்டின் மிச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது.

இதில் ஆபத்தும் உண்டு. வரிசையில் இன்ட் என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரக்டில் ஷார்ட் வைத்திருந்தால் பக்கத்து உறுப்பு அழியும், கம்பைலர் வாய் திறக்காது. வகையைக் கையால் எழுதாதீர்கள். வரிசையை நிரப்ப ஒரு மேக்ரோ வைத்து, சி11-இல் வந்த ஜெனெரிக் மூலம் உறுப்பின் வகையைக் கம்பைலரே கண்டுபிடித்து நிரப்பும்படி செய்யுங்கள். மூன்று வரிதான். அட்டவணை முறையில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுவே.

எண்ணை வாங்க ஏடோஐ வேண்டாம். எழுத்தைக் கொடுத்தால் சத்தமில்லாமல் 0 தரும். டைம்அவுட் 0 என்றால் உங்கள் டூலில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டிர்டோல் பயன்படுத்துங்கள். கூப்பிடும் முன் எர்நோவை 0 ஆக்குங்கள். முடிந்ததும் எண்ட் பாயிண்டர் ஒரு எழுத்தாவது நகர்ந்ததா, சரத்தின் முடிவில் நிற்கிறதா, எர்நோ எல்லை மீறலைச் சொல்கிறதா என்று பாருங்கள். அடிமானம் 0 கொடுத்தால் 010 என்பதை எண்மமாக எடுத்துக்கொண்டு 8 என்று சொல்லும்; 10 என்றே கொடுத்துவிடுங்கள். குறி இல்லாத எண்ணுக்கான ஸ்டிர்டோல் இன்னும் விசித்திரம்: -1 கொடுத்தால் மறுக்காமல் மிகப் பெரிய எண்ணாக்கித் தரும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று வரிசையில் இரண்டு உறுப்பு சேர்த்துவிட்டால் இந்தச் சோதனைகளை எல்லா எண் ஆப்ஷனுக்கும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம்.

ஹெல்ப்பைக் கேட்டு வாங்கினால் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் அச்சடித்து 0-வோடு வெளியேறுங்கள். தவறான ஆப்ஷன் என்றால் ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி, பூஜ்யமில்லாத எண். நாற்பது வரி ஹெல்ப்பை எரரோடு சேர்த்துக் கொட்டினால் என்ன தவறு செய்தோம் என்பது திரைக்கு மேலே ஓடிப்போயிருக்கும்.

"இதெல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதியிருப்பார்களே" என்றால், ஆம். குனு சி நூலகத்தில் ஆர்க்பி இருக்கிறது. ஹெல்ப்பை அதுவே தயாரிக்கும். லினக்ஸுக்கு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஜிலிப் இணைத்திருக்கும் நிரல் என்றால் ஜிஆப்ஷன். ஆர்பிஎம் போப்ட் நூலகத்தை வைத்திருக்கிறது. நன்றாக எழுதிய அட்டவணையைப் படித்துப் பார்க்க ஆசை என்றால் கிட் மூலநிரலில் பார்ஸ்-ஆப்ஷன்ஸ் கோப்பைத் திறங்கள். ஆம், இல்லை வகை ஆப்ஷனுக்கு --நோ என்ற எதிர்ப்பெயர் அங்கே தானாகக் கிடைப்பதைப் பார்க்கலாம். சின்ன எம்பெடட் கருவியில் இவை எதையும் இணைக்க இடமிருக்காது. அங்கே சொந்தமாக எழுதிய 150 வரி போதும்.

நேர்முகத் தேர்வில் கமாண்ட் லைனைப் பிரிக்கச் சொல்லிக் கேட்டால் உடனே ஸ்டிர்கம்ப் எழுதத் தொடங்காதீர்கள். "முதலில் ஒரு வரிசையில் என்னென்ன இருக்கும் என்று எழுதிவிடுகிறேன்" என்று ஸ்ட்ரக்டை எழுதுங்கள். கேட்பவர் அடுத்துக் கேட்கப் போவது அநேகமாக "இன்னொரு ஆப்ஷன் சேர்க்கணும்னா?" என்பதுதான். ஒரு வரியைக் காட்டினால் போதும்.

பழைய நிரலை மாற்றுவதென்றால் ஒரே கமிட்டில் எல்லாவற்றையும் பிடுங்கி நடாதீர்கள். ரிவியூ செய்பவர் மேல் கொஞ்சம் இரக்கம் வேண்டும். முதல் கமிட்டில் அட்டவணையும் அதிலிருந்து வரும் ஹெல்ப்பும் மட்டும். பழைய ஹெல்ப்பையும் புதியதையும் டிஃப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும் ஒவ்வொரு வரியிலும் பழைய ஹெல்ப் சொன்னது சரியா, கோட் செய்தது சரியா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விகளை அன்றே டெஸ்டிங் ஆட்களிடம் கேட்டுவிடுங்கள், அவர்களாக வந்து கேட்கும் முன்.