வாசலில் திரும்பி நிற்பவர்

அன்புத் தம்பிக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்பேற்றுக்கொண்டாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். மருந்து எழுத நான் உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. வயதானவர்கள் கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு அது புரிய வெகுகாலம் ஆனது.

உன்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் நாலு பேரிடம் கேட்டிருப்பார்கள்: ரேஷன் கடை வரிசையில், மருந்துக்கடையில், வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பேரன் படித்துக் காட்டியிருப்பான். உன்னிடம் முழங்கால் வலியைத்தான் சொல்வார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், திரும்பி நின்று, "ஏன் சார், பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாதாமே?" என்பார்கள். அன்று அவர்கள் வந்த காரியமே அதுதான்.

என்னிடம் ஒரு பாட்டி அப்படிக் கேட்டார். வெளியே கூட்டம். "அதெல்லாம் ஒண்ணுமில்லை, போட்டுக்கோங்க" என்று அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாத்திரையை அவர் அன்றைக்கே நிறுத்தியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார், நான் பேசவில்லை.

அதனால், "யார் சொன்னாங்க பாட்டி?" என்று கேள். அதட்டாமல், அறிந்துகொள்ளக் கேள். பதிலில் அவருடைய பயம் வெளியே வரும். ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது, தலையும் சுற்றாது. 140-க்கு 90 என்ற எண் அவருக்கு ஒன்றும் சொல்லாது. பக்கவாதம் வராமல் காப்பதற்குத்தான் மாத்திரை என்று சொல்லிப் பார். "உப்பைக் குறைங்க" என்றால் மோரில் போடும் உப்பைத்தான் குறைப்பார். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று பெயர் சொல்லிச் சொல். சர்க்கரையால் கால் மரத்தவருக்குப் புண் வலிக்காது. தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல். குனிய முடியாதவர் என்றால் வீட்டில் இருப்பவரிடம் சொல்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து, பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உன்னிடம் கேட்கத் தயங்குவதை, திண்ணையில் உட்காரும் அந்தப் பெண்ணிடம் தயங்காமல் கேட்பார்கள். "இந்த வாரம் என்ன கேட்டாங்கம்மா?" என்று அவரிடம் வாரந்தோறும் விசாரி. ஊரின் சந்தேகங்கள் உனக்குத் தெரியவரும்.

வாசலில் திரும்பி நிற்பவருக்கு நின்றபடியே பதில் சொல்லி அனுப்பாதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வை.

அன்புடன்,
உன் அண்ணன்