சோர்ஸ் ஒரு பக்கம், பில்ட் ஒரு பக்கம்

ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்குது. அதனால இந்த முறை பெரிய தியரி எதுவும் வேண்டாம். ஒரே ஒரு பழக்கத்தைப் பத்தி மட்டும் பார்க்கலாம்: சோர்ஸ் கோடு இருக்கிற ஃபோல்டரைத் தொடாம, தனி ஃபோல்டர்ல பில்ட் பண்றது. சி++ல ப்ராஜெக்ட் செய்றவங்க, முக்கியமா ஓப்பன்சிவி, ரோஸ் பக்கம் போனவங்க கண்டிப்பா படிங்க.

முதல்ல ஒரு சோதனை. உங்க ப்ராஜெக்ட்டை ஒரு நகல் எடுத்துக்கிட்டு, அந்த நகலுக்குள்ள போய் டெர்மினல்ல 'சிமேக் .' என்று அடிங்க. அப்புறம் 'எல்எஸ்' போட்டுப் பாருங்க. நீங்க எழுதினது நாலே ஃபைல்தான். இப்போ பக்கத்துலயே சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி, மேக்ஃபைல், சிமேக்ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர், எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். அரிசி மூட்டைக்குள்ளேயே உலை வெச்ச கதைதான். எது நம்ம கையால எழுதினது, எது மெஷின் எழுதினது என்றே தெரியாது.

'மேக் கிளீன்' போட்டா போயிடுமே என்று கேட்பீங்க. போகாது. அது ஆப்ஜெக்ட் ஃபைலையும் எக்ஸிக்யூட்டபிளையும்தான் அழிக்கும். கேஷ் அப்படியே இருக்கும். ஆட்டோடூல்ஸ்ல இருக்கிற 'மேக் டிஸ்ட்கிளீன்' மாதிரி ஒண்ணு சிமேக்ல கிடையாது. ஏன்னா நம்ம சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைல் எங்கே வேணும்னாலும் எந்த ஃபைலை வேணும்னாலும் உருவாக்கச் சொல்லலாம். அது எல்லாத்தையும் சிமேக் கணக்கு வெச்சுக்கிறதில்லை.

சரியான வழி இதுதான்: 'சிமேக் -எஸ் . -பி பில்ட்', அடுத்து 'சிமேக் --பில்ட் பில்ட்'. எஸ், பி ரெண்டும் பெரிய எழுத்து. எஸ் என்றால் சோர்ஸ் எங்கே, பி என்றால் பில்ட் எங்கே. 3.13 பதிப்புக்கு முந்தைய சிமேக் உங்க லேப்ல இருந்தா, பில்ட் ஃபோல்டரை நீங்களே உருவாக்கி, உள்ளே போய் 'சிமேக் ..' போடுங்க. சுத்தம் பண்ணணுமா? பில்ட் ஃபோல்டரை மொத்தமா டெலீட் பண்ணுங்க. உங்க கோடு ஒரு வரி கூடப் போகாது.

இதுல ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் மாட்டுற இடம். ஏற்கெனவே ஒரு தடவை சோர்ஸ்லயே பில்ட் பண்ணிட்டீங்க, இப்போ திருந்தி பில்ட் ஃபோல்டருக்குள்ள போய் 'சிமேக் ..' போடுறீங்க என்று வெச்சுக்குவோம். பில்ட் ஃபோல்டர் காலியாவே கிடக்கும்! காரணம், மேல் ஃபோல்டர்ல பழைய கேஷ் இருக்கு. அதைப் பார்த்த சிமேக், "ஓ, இதுதான் பில்ட் ஃபோல்டர்" என்று முடிவு பண்ணி மறுபடியும் அங்கேயே எழுதும். முதல்ல அந்தக் கேஷையும் சிமேக்ஃபைல்ஸ் ஃபோல்டரையும் சோர்ஸ்ல இருந்து நீக்கணும்.

அடுத்தது ஜிப். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி டீம்மேட்டுக்கு ப்ராஜெக்ட்டை ஜிப் பண்ணி அனுப்புவோம். அவன் மெஷின்ல, கேஷ் வேற டைரக்டரியில உருவானது என்று எரர் வரும். கேஷுக்குள்ள உங்க லேப்டாப்போட முழு பாதையும் எழுதியிருக்கும், அவன் லேப்டாப்ல அந்தப் பாதையே இல்லையே. பில்ட் தனியா இருந்தா அதை விட்டுட்டு மத்ததை மட்டும் அனுப்பலாம். கிட்இக்னோர்லயும் 'பில்ட்/' என்று ஒரே வரி போதும்.

இன்னொரு பெரிய லாபம், ஒரே சோர்ஸுக்கு எத்தனை பில்ட் வேணும்னாலும் வெச்சுக்கலாம். ஒரு ஃபோல்டர்ல டீபக், இன்னொண்ணுல ரிலீஸ், மூணாவதுல ராஸ்பெர்ரி பைக்கான கிராஸ் கம்பைல். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது மொத்தமும் மறுபடி கம்பைல் ஆகுமே என்று காத்துக்கிடக்க வேண்டாம்.

ரெண்டு சின்னத் தொல்லை வரும். சிமேக் உருவாக்குற கான்ஃபிக்.எச் மாதிரி ஹெடர் இப்போ பில்ட் ஃபோல்டர்ல இருக்கும், அதனால சிமேக்_கரண்ட்_பைனரி_டிர் என்ற பாதையையும் இன்க்ளூட் பட்டியல்ல சேர்க்கணும். அப்புறம், உங்க ப்ரோக்ராம் 'டேட்டா/இன்புட்.டிஎக்ஸ்டி' என்று ரிலேட்டிவ் பாதையில ஃபைலைத் திறந்தா, பில்ட் உள்ளேயிருந்து ஓட்டும்போது கிடைக்காது. பாதையை ஆர்க்யூமென்ட்டா வாங்குங்க, அதுதான் நல்லது.

இது சிமேக்குக்கு மட்டும் இல்ல. ஜிசிசியைத் தனி ஃபோல்டர்ல பில்ட் பண்ணச் சொல்லி அதோட இன்ஸ்டலேஷன் கையேடே அழுத்திச் சொல்லுது. லினக்ஸ் கர்னல்ல 'மேக் ஓ=' கொடுத்து வெளியே பில்ட் பண்ணலாம், ஆனா சோர்ஸ் ஏற்கெனவே அழுக்கா இருந்தா முதல்ல 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' ஓட்டச் சொல்லும். மீசான் இன்னும் கறார், சோர்ஸுக்குள்ள பில்ட் பண்ணவே விடாது. ரோஸ் 2 செய்றவங்க கவனிச்சிருப்பீங்க, கோல்கான் எஸ்ஆர்சி ஃபோல்டரைத் தொடாம பக்கத்துல பில்ட், இன்ஸ்டால், லாக் என்று மூணு ஃபோல்டர் போடும்.

ஏற்கெனவே கலந்து கிடக்கிற ப்ராஜெக்ட்டுக்கு: எழுதின எல்லாத்தையும் முதல்ல கமிட் பண்ணுங்க. அப்புறம் 'கிட் கிளீன் -என்டிஎக்ஸ்', எல்லாமே சின்ன எழுத்துல. என்ன அழியப்போகுது என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது. டேட்டாசெட், ட்ரெயின் பண்ணின மாடல் ஏதாவது அந்தப் பட்டியல்ல இருக்கா என்று பார்த்து வேற இடத்துக்கு நகர்த்துங்க. அதுக்கப்புறம்தான் 'என்'னை எடுத்துட்டு 'எஃப்' போடணும்.