காபிக்குச் சரி, கேக்குக்கு?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சீனிக்குப் பதில் வெல்லமோ கல்வராயன்மலைத் தேனோ சேர்க்கலாமா?
– வாசகி, கச்சிராயபாளையம்

பதில்: சர்க்கரை ஆலை இருக்கும் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! வெல்லமும் கரும்பு பெற்ற பிள்ளைதான் அம்மா. மலைத்தேனும் ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். காபிக்குச் சீனித்துளசிப் பொடி சிட்டிகை போதும், கூடினால் கசக்கும்.

கேக்தான் வம்பு. அதில் சீனி இனிப்போடு பருமன், ஈரம், பொன்னிறம் எல்லாம் தருகிறது. சீனிக்கு மாற்றான இனிப்புகளில் அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். சுக்ரலோஸ் சீனியைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. துளியில் பருமன் ஏது? எரித்ரிட்டால் பருமன் தரும், இனிப்பு 70 சதவீதம்தான். என்னைக் கேட்டால் கேக்குக்கு அதுவே தேவலை. ஆனாலும் மைதா மாவுச்சத்துதானே? அப்பாவுக்குச் சின்னத் துண்டாகவே வெட்டுங்கள்.