ஆங்கிலம் பழகுவோம்: எவ்வளவு நாளாக?



மறைமலைநகருக்கோ மகேந்திரா சிட்டிக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகளிடம், "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் தேர்?" என்று கேட்பார்கள். இப்போதுள்ள இடத்தில் எவ்வளவு காலமாக வேலை பார்க்கிறீர்கள் என்று பொருள்.

பதிலில்தான் நாம் சறுக்குகிறோம். "ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால், வேலையை விட்டுவிட்டதாக அர்த்தமாகிவிடும். ஏன் விட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். "ஐ ஆம் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்பதும் பிழையே. தமிழில் "மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது.

சரியான பதில்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்." முன்பு தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. இதுவே பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் டென்ஸ்.

அமைப்பு
ஐ, வீ, யூ, தே: ஹேவ் பீன் + 'இங்' சேர்ந்த வினை.
ஹி, ஷி, இட்: ஹேஸ் பீன் + 'இங்' சேர்ந்த வினை.

ஃபாரா, ஸின்ஸா?
தமிழே வழிகாட்டும். "மூன்று நாளாக" என்பதுபோல் 'ஆக' வந்தால் ஃபார். "திங்கட்கிழமையிலிருந்து" என்பதுபோல் 'இருந்து' வந்தால் ஸின்ஸ். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. எனவே, "பஸ்ஸஸ் ஹேவ் பீன் ரன்னிங் ஃப்ரம் கிளாம்பாக்கம் ஸின்ஸ் 2023."

மருத்துவரிடம்
தமிழ் தெரியாத மருத்துவரிடம் அத்தாவை அழைத்துப் போனால், "ஹி ஹேஸ் பீன் காஃபிங் ஃபார் டூ வீக்ஸ்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு வாரம் விடாத இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆகவே நாள் கணக்கு முக்கியம்.

ஒரு எச்சரிக்கை
நோ (அறிதல்), ஹேவ் (உடைமை) போன்ற வினைகளுக்கு 'இங்' வராது. "பத்து வருடமாக அவரைத் தெரியும்" என்பதை "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்" என்றே சொல்ல வேண்டும்.

பயிற்சி
1. அம்மா இரண்டு மணி நேரமாகத் தைக்கிறார்.
2. காலையிலிருந்து மழை பெய்கிறது.
3. நாங்கள் 2015-லிருந்து கூடுவாஞ்சேரியில் வசிக்கிறோம்.

விடைகள்
1. மை மதர் ஹேஸ் பீன் ஸ்டிச்சிங் ஃபார் டூ அவர்ஸ்.
2. இட் ஹேஸ் பீன் ரெய்னிங் ஸின்ஸ் மார்னிங்.
3. வீ ஹேவ் பீன் லிவிங் இன் கூடுவாஞ்சேரி ஸின்ஸ் 2015.

மக்ரிபுக்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "ஹவ் லாங்" என்று தொடங்கி ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். தவறினால் சிரிக்காமல் திருத்துங்கள். பெற்றோரும் பதில் சொல்லுங்கள். நாமும் அவர்களோடு சேர்ந்தே கற்போம், இன்ஷா அல்லாஹ்.