கைப்பேசி வழிகாட்டி: கட்டணம் செலுத்துவதா, இலவசமே போதுமா?

முற்காலத்தில் கிராமத்திலிருந்து சென்னைக்குப் புறப்படுவோர் கையில் கட்டுச்சோறும், மடியில் வழிச்செலவுக்குப் பணமும், துண்டுக் காகிதத்தில் எழுதிய முகவரியும் இருக்கும். இப்போது அவற்றோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. அது ஊர்ப் படத்தைக் காட்டுகிறது. எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தமிழிலேயே சொல்லுகிறது. இவ்வசதியைத் தரும் செயலிகள் பல. சில இலவசமாகக் கிடைக்கின்றன. சில ஆண்டுச் சந்தா கேட்கின்றன. இவற்றுள் எதை ஏற்பது?

காசு கொடுத்தால்தான் நல்ல சரக்குக் கிடைக்கும் என்பர் ஒரு சாரார். சும்மா கிடைப்பதற்குக் காசு எதற்கு என்பர் மற்றொரு சாரார். இரண்டும் முழு உண்மை அல்ல. விலையைப் பார்க்குமுன் நம் தேவையைப் பார்க்க வேண்டும். இதனை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம். மருத்துவம், வாணிபம், வழிபாடு ஆகியவற்றின் பொருட்டுக் கிராம மக்கள் அடிக்கடி செல்லும் இடங்கள் இவை.

வழிகாட்டி இயங்கும் முறை

வழிகாட்டிச் செயலிக்கு மூன்று பொருள்கள் தேவை. முதலாவது, நாம் நிற்கும் இடம். இரண்டாவது, தெருக்களின் படம். மூன்றாவது, அத்தெருக்களின் இன்றைய நிலை.

நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்கள் தெரிவிக்கின்றன. அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. நான்கு கோள்களின் சைகைகளேனும் கிடைத்தால் கைப்பேசி தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இதற்கு எவருக்கும் கட்டணம் இல்லை. இணையமும் தேவை இல்லை. நம் நாட்டு விண்வெளி நிறுவனமான இஸ்ரோவும் 2013 முதல் 2016 வரை ஏழு கோள்களை ஏவி 'நாவிக்' என்னும் அமைப்பை ஏற்படுத்தியது. ஆகவே, காசு கொடுத்து வாங்கும் செயலிக்கும் இலவசச் செயலிக்கும் இவ்வகையில் யாதொரு வேற்றுமையும் இல்லை. இரண்டும் ஒரே வானத்தையே பார்க்கின்றன. உஸ்மான் சாலையில் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே இருப்பிடம் சற்றுப் பிசகுவதும், நாம் மேம்பாலத்தின்மேல் செல்கிறோமா கீழே செல்கிறோமா என்று செயலி மயங்குவதும் இரண்டுக்கும் நேரக்கூடிய குறைகளே.

தெருக்களின் படம் பெருமுயற்சியால் ஆவது. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலி கொண்டு அளந்த சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடே இந்திய நாட்டின் மாபெரும் முக்கோண நில அளவைக்குத் தொடக்கமாயிற்று. அன்று பல்லாண்டு உழைத்துப் பெற்ற அறிவு இன்று கைக்குள் அடங்கிவிட்டது.

தெருக்களின் இன்றைய நிலை எவ்வாறு தெரிகிறது? அத்தெருவில் அவ்வேளையில் செல்லும் மற்றவர்களின் கைப்பேசிகள் நகரும் வேகத்தைக் கொண்டு நெரிசலைக் கணிக்கிறார்கள். இதற்கு இணையம் அவசியம். ஒரு செயலியை எத்தனை பேர் மிகுதியாக உபயோகிக்கிறார்களோ, அத்தனைக்கு அதன் செய்தி நம்பத்தக்கதாகிறது. நகரத்தில் இலவசச் செயலிகள் மேலோங்கி நிற்பதன் காரணம் இதுவே.

இலவசத்திலும் வகை உண்டு

நிறுவனங்கள் இலவசமாகத் தருபவை ஒரு வகை. 2005-இல் தோன்றிய கூகுள் மேப்ஸ், 1995-இல் தொடங்கப்பெற்ற இந்திய நிறுவனமான மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் ஆகியவை இவ்வகையின. மக்கள் கூடி ஆக்கியவை மற்றொரு வகை. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் படத்தை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து வருகிறார்கள். ஆர்கானிக் மேப்ஸ் என்னும் செயலி அப்படத்தை விளம்பரமின்றித் தருகிறது. வேண்டிய பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியே வழி காட்டும். ஆஸ்மேண்ட் என்னும் செயலியும் இதே படத்தைக் கொண்டதே. சில வசதிகளை இலவசமாகவும், மிகுதியைக் கட்டணத்துக்கும் தருகிறது. ஸ்லோவாகியா நாட்டின் சைஜிக் போன்றவை இணையமில்லா வழிகாட்டலையும் வேறு பல வசதிகளையும் கட்டணத்துக்கு விற்கின்றன.

நிறுவனம் இலவசமாகத் தருவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறத்தலாகாது. நாம் எங்கே சென்றோம், எவ்வளவு நேரம் தங்கினோம் என்னும் செய்தியும், நாம் காணும் விளம்பரமும் அவ்விலை. நோயாளியுடன் மருத்துவமனைக்குச் சென்ற செய்தியும் அதில் அடங்கும். தனிநபர் தரவுகளின் பாதுகாப்புக்கென 2023-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியுள்ளது. எனினும், பயணப் பதிவைச் செயலியின் அமைப்புகளுக்குள் சென்று நிறுத்தி வைத்தல் நம் கையிலேயே உள்ள காவல். கட்டணச் செயலியானாலும், அது எவற்றுக்கு அனுமதி கேட்கிறது என்பதைப் படித்தே இசைய வேண்டும்.

அடையாறு: முகவரியே முதல் வழிகாட்டி

நோயுற்ற தாயாரை அழைத்துக்கொண்டு ஒரு குடியானவர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வருகிறார் என்று கொள்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய இந்நிலையத்துக்குக் காந்தி நகரில் ஒரு வளாகமும், சர்தார் படேல் சாலையில் மற்றொரு வளாகமும் உண்டு. எந்த வளாகம் என்று தெரியாமல் பெயரை மட்டும் செயலியில் இட்டால், தளர்ந்த நோயாளியுடன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலைய நேரும். காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர் ஆகியவற்றில் எண்ணிட்ட பிரதான சாலைகளும் குறுக்குத் தெருக்களும் உள்ளன. அம்மூன்றுக்கும் அஞ்சல் குறியீடு 600020 என்பதே. போதாக்குறைக்கு, வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு.

இங்கே ஆயிரம் ரூபாய்ச் செயலியும் உதவாது. மருத்துவச் சீட்டிலுள்ள முழு முகவரியே உதவும். வாகனமின்றி வருவோருக்குத் தெருப்படத்தைவிடப் பேருந்து, இரயில் செய்தியே பயன்படும். 2025 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற 'சென்னை ஒன்' என்னும் அரசுச் செயலி பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் பயணச்சீட்டு பெற வழி செய்கிறது. அதுவும் இலவசமே.

மயிலாப்பூர்: இன்றைய செய்தியின் அருமை

நவராத்திரிக்கு முன் காஞ்சிபுரம், பண்ணுருட்டி முதலிய ஊர்களில் செய்த கொலுப் பொம்மைகள் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் விற்பனைக்கு வருகின்றன. வண்டியை எந்தத் தெரு வழியே கொணர்வது? மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ் வட்டாரத்தில் தெருக்களின் போக்கு பன்முறை மாற்றப்பட்டது. பங்குனி விழாவில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் வண்டிகள் செல்லுதல் இயலாது. முன்கூட்டி இறக்கி வைத்த படம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், இன்று காலை அடைக்கப்பட்ட தெருவை அது அறியாது. இணையத்தோடு இயங்கி, பலர் உபயோகிக்கும் இலவசச் செயலியே இவ்விடத்தில் மேல். அதுவும் தவறக்கூடும், போக்குவரத்துக் காவலரின் சொல்லும் தடுப்புப் பலகையுமே இறுதி முடிவு.

தியாகராய நகர்: கட்டணம் தகும் இடம்

தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை உயரம் குறைந்தது. பெருமழையில் நீர் தேங்குவதும் உண்டு. மகிழுந்துக்கும் இருசக்கர வண்டிக்கும் வழி சொல்லும் பொதுச் செயலி நம் லாரியின் உயரத்தைக் கேட்பதில்லை. சரக்கு வண்டிகளுக்கென உள்ள கட்டணச் செயலிகளோ வண்டியின் உயரம், நீளம், எடை ஆகியவற்றைக் கேட்டு அதற்கேற்ப வழி தேடுகின்றன. காய்கறியும் நெல்லும் ஏற்றி நாள்தோறும் நகருக்கு வரும் கூட்டுறவுச் சங்கத்து லாரிக்கு இது தகுந்த செலவாகலாம். ஆயினும், நாம் செல்லும் பாதைகளின் உயர அளவுகள் அப்படத்தில் பதிந்துள்ளனவா என்பதைச் சோதனைக் காலத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு ஒன்று போடுவோம். ஆண்டுச் சந்தா ரூ. 1,200 என்று வைத்துக்கொண்டால், ஆண்டில் நான்கு முறை சென்னை வரும் குடும்பத்துக்குப் பயணம் ஒன்றுக்கு ரூ. 300 ஆகிறது. மாதம் இருபது முறை வரும் லாரிக்கு ஐந்து ரூபாயே ஆகிறது. முன்னது வீண் செலவு, பின்னது முதலீடு.

இணையம் அற்ற வேளை

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரைப் பகுதிகள் நீரில் மூழ்கின. நகரின் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. இணையத்தை மட்டும் நம்பும் செயலி அத்தகைய வேளையில் வெறும் கண்ணாடித் துண்டே. நம் கிராமத்துச் சாலைகளிலும் மலைப் பகுதிகளிலும் சிக்னல் அற்ற இடங்கள் உள்ளன. ஆகவே, இறக்கி வைத்த படம் ஒன்று எப்போதும் கைப்பேசியில் இருத்தல் வேண்டும். இதற்காகப் பணம் செலுத்த வேண்டியதில்லை. ஆர்கானிக் மேப்ஸும் கூகுள் மேப்ஸும் இவ்வசதியை இலவசமாகவே தருகின்றன.

எச்சரிக்கை ஒன்று உண்டு. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, செயலி காட்டிய வழியே சென்ற மகிழுந்து, ஒரு பகுதி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தது, மூவர் உயிரிழந்தனர். வழிகாட்டியை நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. இரவில், அறியாத பாதையில், மெல்லச் செல்க. ஐயம் எழுந்தால் நின்று ஊராரைக் கேட்க.

கைக்கொள்ள வேண்டிய முறை

1. முழு முகவரி, அருகிலுள்ள அடையாளம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் காகிதத்திலும் எழுதிக்கொள்க. கைப்பேசியின் மின்சாரம் தீரலாம்.

2. புறப்படுவதற்கு முதல் நாளே சென்னைப் பகுதியின் படத்தை இறக்கி வைத்துக்கொள்க.

3. நகரினுள் இணையத்தோடு இயங்கும் இலவசச் செயலியை உபயோகிக்க.

4. அதில் நிறைவேறாத தேவை யாது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுக. எழுத முடியாவிடில் கட்டணச் செயலி வேண்டியதில்லை.

5. கட்டணச் செயலி தேவையாயின், சோதனைக் காலம் முடியுமுன் முடிவு செய்க. தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவை நிறுத்தும் வழியை முதலிலேயே அறிந்துகொள்க.

6. வண்டி ஓட்டுபவர் திரையை நோக்கலாகாது; குரலை மட்டும் கேட்க வேண்டும்.

ஊருக்கு ஒரு சிரமதானம்

சென்னையின் தெருக்கள் படத்தில் நிறைந்திருக்க, நம் ஊர்த் தெருக்கள் பல அதில் இடம்பெறாமலே இருக்கலாம். அவசர ஊர்தி வழி தேடி நிற்கும் வேளையில் அக்குறை உயிரைப் பற்றியதாகிவிடும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எவரும் திருத்தம் செய்யலாம். ஊர் இளைஞர்கள் சில நாட்கள் கூடி, தெரு, பள்ளி, நியாயவிலைக் கடை, ஆரம்பச் சுகாதார நிலையம், ஏரிக்கரை வழி ஆகியவற்றைக் குறித்துவிட்டால், மண் சுமந்து சாலை போட்ட சிரமதானத்துக்கு அது குறைந்ததன்று. பிறர் வரைந்த படத்தால் நாம் சென்னையில் வழி கண்டோம். நாம் வரையும் படத்தால் பிறர் நம் ஊருக்கு வழி காணட்டும்.

கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரார் சென்ற ஆண்டில் எக்காரியங்களுக்காகச் சென்னை சென்றனர்? அவருள் கட்டணச் செயலி எவருக்கேனும் தேவைப்பட்டதா?

2. நம் ஊரிலிருந்து பேருந்து நிலையம் வரை சிக்னல் அற்ற இடங்கள் எவை?

3. நம் ஊர்ப் படத்தில் விடுபட்ட தெருக்கள் எத்தனை? அவற்றைக் குறிக்கும் பொறுப்பை யார் ஏற்பது?