பிள்ளைகளோடு ஆற்றுக்குக் குளிக்கப் போக

கல்லிடைக்குறிச்சியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறுதான். ஊரின் வடக்கே தாமிரபரணி, ஊருக்குள்ளேயே கன்னடியன் வாய்க்கால். எங்கள் வீட்டில் ஐந்து வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. சனிக்கிழமை ராத்திரியே "நாளைக்கு ஆத்துக்குத்தானே?" என்று ஆரம்பித்துவிடும்.

முதல் வேலை, ஆள் எண்ணுவது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். இதில் பேரமே கிடையாது. நான் தனி ஆள் என்றால் ஒன்றை ஆச்சியிடம் விட்டுவிட்டு, அழுதாலும் சரியென்று, மற்றதை மட்டும் கூட்டிப்போவேன். ஐந்து வயதுக்காரி தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். அவளும் குழந்தைதான்.

அடுத்தது எண்ணெய். நல்லெண்ணெயை லேசாகச் சுடவைத்து உச்சியிலும் உடம்பிலும் தேய்த்து அரைமணி நேரம் விளையாட விடுங்கள். உள்ளங்காலில் மட்டும் வேண்டாம். படித்துறைப் பாசியில் சறுக்கிவிடும். மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடச் சொல்வார்கள் பெரியவர்கள். எங்கள் ஆச்சியும் சொன்னார். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டுவிடும் என்று டாக்டர் சொன்னபிறகுதான் நிறுத்தினோம். ஆச்சிக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு.

சீயக்காயை வீட்டிலேயே கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு துண்டு, மாற்று உடுப்பு, கொஞ்சம் முறுக்கு. போனை வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வராவிட்டால் பைக்கு அடியில் போடுங்கள். தண்ணீருக்குள் நிற்கும் பிள்ளையைப் படம் எடுக்கிற கை, பிள்ளையைப் பிடிக்கிற கை அல்ல.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். வாய்க்காலில் கார், பிசான சாகுபடிக்குத் தண்ணீர் விடும் மாதங்களில் ஓட்டம் நன்றாக இருக்கும், கோடையில் அடைத்துவிடுவார்கள். ஆற்றில் என்றால் ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும் படித்துறையே நல்லது. எந்தப் பாறைக்கு அப்புறம் கசம், அதாவது ஆழமான பள்ளம், என்பது அவர்களுக்கு மனப்பாடம்; கேட்டுவிட்டு இறங்குங்கள். போன மாதம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த மாதமும் அப்படியே இருக்காது. மணல் இடம் மாறும். ஆகையால் பிள்ளைக்கு முன் நீங்கள் இறங்கிக் காலால் துழாவிப் பாருங்கள்.

இன்னொன்று. மேலே பாபநாசத்தில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால், ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாமலே இங்கே ஆறு ஏறும். காய்ந்திருந்த படி நனைந்தாலோ, தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ, பாதிச் சீயக்காயோடு எழுந்து வந்துவிடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை நாங்கள் ஆற்றுப் பக்கமே போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே ஆறு எப்படி வெள்ளமாக வந்தது என்று பார்த்தவர்கள் நாங்கள்.

தண்ணீருக்குள் நீங்கள் ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள், பிள்ளை மேல்பக்கம். கால் தவறினால் உங்கள் மேல்தான் வந்து விழும். தண்ணீர் பிள்ளையின் இடுப்பைத் தாண்டக் கூடாது. கையைப் பிடிப்பதைவிட மேற்கையைப் பிடிப்பது மேல். எண்ணெய் விரல் வழுக்கும். முழுகும் பிள்ளை சினிமாவில் போலக் கத்தாது. சத்தமில்லாமல் போய்விடும். மீன் கொத்துகிறது என்று அது சிரித்துக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை. சத்தம் நின்றால் உடனே திரும்பிப் பாருங்கள்.

ஒருவேளை தண்ணீர் குடித்து மயங்கிவிட்டால், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் படுக்கவைத்து, தாடையைச் சற்றே நிமிர்த்தி, வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரை 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். இந்த முதலுதவியை ஒருநாள் நேரில் கற்றுக்கொண்டு வைப்பது நல்லது.

இருபது நிமிடம் போதும். உதடு நீலம் பாயும்வரை விடாதீர்கள். தலையை ஈரம் போகத் துவட்டி, படியிலேயே உடுப்பு மாற்றி, முறுக்கைக் கையில் கொடுத்தால் வீடுவரை அழுகை இராது. வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருந்தால், சாப்பிட்டதும் இரண்டும் தூங்கிவிடும். உங்களுக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு.

கிளம்புமுன் படித்துறையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஷாம்பு பாக்கெட், கிழிந்த துணி எதையும் தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள். அது கீழே சேரன்மகாதேவியில் குளிக்கிற இன்னொரு பிள்ளையின் காலில் போய்ச் சுற்றும்.